‘வேம்பயர்’ என்னும் நாசகாரிக் கப்பல்: அதன் பணியும் பேணுகையும்

யான் கடற்கரையில் நின்று மேற்கே நோக்கினால் மலாக்கா நீரிணையின் வடவாயில் விரிந்து கிடக்கும். கிழக்கே திரும்பினால் ஜெராய் மலை எழுந்து நிற்கும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள இம்மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த பண்டை மீகாமர்களுக்குக் கரை காட்டும் அடையாளமாக விளங்கியது. பட்டினப்பாலை சுட்டும் காழகம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது வந்த செய்தியைப் பள்ளி மாணவரும் அறிவர். கெடாவின் கதையைக் கப்பலை விட்டுச் சொல்ல இயலாது.

எனினும், சோழர் கலங்களைப் பற்றி விரிவாகப் பேசும் வகுப்பறைகளில், ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டு மக்களின் வாழ்வைத் தலைகீழாகப் புரட்டிய கடற்போரில் ஈடுபட்ட கப்பல்களைப் பற்றிய பேச்சு குறைவு. அப்போரில் ஈடுபட்ட ஒரு நாசகாரிக் கப்பலின் பெயர் ‘வேம்பயர்’. அக்கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிவிட்டது. அதன் பெயரைத் தாங்கிப் பின்னர்க் கட்டப்பட்ட மற்றொரு நாசகாரி மலேசியக் கடலிலும் பணிபுரிந்து, ஓய்வு பெற்று, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அருங்காட்சிப் பொருளாகப் பேணப்பட்டு வருகின்றது. ஒரு கப்பல் எவ்வாறு பணிபுரிந்தது, பின்னர் எவ்வாறு காக்கப்படுகின்றது என்பதை இவ்விரு கலங்களின் வரலாறு நன்கு விளக்கும்.

நாசகாரி என்பது யாது?

பெயரைக் கேட்டதும் எல்லாவற்றையும் அழிக்கும் மாபெரும் போர்க்கப்பல் என்று கருதத் தோன்றும். உண்மை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டார்ப்பிடோ என்னும் ஆயுதம் தோன்றியது. நீருக்குள் தானே ஓடிச் சென்று கப்பலின் அடிவயிற்றைத் தாக்கும் வெடிகலம் அது. அதனை ஏந்திய சிறு படகுகள் இருளில் விரைந்து வந்து பெரிய போர்க்கப்பல்களை மூழ்கடிக்கக் கூடும் என்னும் அச்சம் எழுந்தது. அப்படகுகளை விரட்டி அழிப்பதற்காக விரைவும் சிறு பீரங்கிகளும் கொண்ட கப்பல்கள் கட்டப்பட்டன. அவை முதலில் ‘டார்ப்பிடோப் படகு நாசகாரி’ என்றே வழங்கப்பட்டன. காலப்போக்கில் முன்னிரு சொற்களும் தேய்ந்து, ‘நாசகாரி’ மட்டும் நிலைத்தது.

ஆகவே நாசகாரியின் இயல்பான தொழில் காவல். பெரிய கப்பல்களைச் சூழ்ந்து செல்லுதல், நீர்மூழ்கிகளைத் தேடுதல், விமானங்களைச் சுடுதல், மூழ்கும் கப்பலிலிருந்து மனிதரை மீட்டல் ஆகியவை அதன் கடமைகள். பட்டாளத்தில் முன்னே சென்று வழி பார்க்கும் காலாட்படைக்கு அதனை ஒப்பிடலாம். அடி முதலில் விழுவது அதன்மேல். புகழ் சேர்வது பெரும்பாலும் பெரிய கப்பல்களுக்கு.

முதல் ‘வேம்பயர்’

முதல் ‘வேம்பயர்’ முதலாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கவ்ஸ் நகரில் கட்டப்பட்டது. 1917ஆம் ஆண்டில் கடலில் இறக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. இரத்தம் குடிக்கும் பேயின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1933இல் வேறு நான்கு பழைய கப்பல்களுடன் ஆஸ்திரேலியக் கடற்படைக்கு அது மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இவ்வைந்தும் மத்தியதரைக் கடலுக்குச் சென்றன. ஜெர்மானியப் பிரசாரம் அவற்றைப் ‘பழைய இரும்புக் கப்பற்படை’ என்று எள்ளி நகையாடியது. ஆஸ்திரேலிய மாலுமிகள் அவ்வசையையே பெருமைப் பெயராக ஏற்றுக்கொண்டனர்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவிலும், சயாமின் சிங்கோரா, பட்டாணி ஆகிய இடங்களிலும் இறங்கினர். அன்று மாலையே சிங்கப்பூரிலிருந்து ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் வடக்கே புறப்பட்டன. அவற்றுக்குக் காவலாக நான்கு நாசகாரிகள் சென்றன. அவற்றுள் ஒன்று ‘வேம்பயர்’. மேலே பாதுகாப்பு அளிக்கும் விமானங்கள் இக்கப்பல்களுக்கு இல்லை. டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தான் கடலுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இரு பெருங் கப்பல்களையும் மூழ்கடித்தன. 840 பேர் உயிரிழந்தனர். உடனிருந்த நாசகாரிகள் எண்ணெய் படர்ந்த நீரிலிருந்து 2,000க்கு மேற்பட்டோரை மீட்டுக் கரை சேர்த்தன.

இந்நிகழ்ச்சி கடலோடு முடிந்துவிடவில்லை. ஜப்பானியரின் கடல்வழியை அறுக்கும் வலிமை அன்றோடு பிரிட்டிஷாருக்கு மலாயாவில் இல்லாமற்போயிற்று. அடுத்த சில நாள்களில் ஜித்ராவில் அவர்களுடைய தரைப்படை முறிந்தது. 14, 15ஆம் நாள்களில் ஜெராய் மலையின் கிழக்கடியில் உள்ள குருணில் போர் நடந்தது. அதற்குப் பின் பினாங்கும் கைவிடப்பட்டது. நிருவாகிகள் தெற்கே ஓடினர். தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் இருந்த இடத்திலேயே விடப்பட்டனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். திரும்பி வராதவர்களின் எண்ணிக்கையும் ஆயிரக்கணக்கில் அமைந்தது. குவாந்தான் கடலில் மூழ்கிய கப்பல்களுக்கும் கெடாத் தோட்டத்து லயங்களில் விளக்கணைந்த வீடுகளுக்கும் இடையே இருந்த தொடர்பு இதுவாகும்.

‘வேம்பயர்’ அதன்பின்னும் போராடியது. 1942 ஜனவரி 26ஆம் நாள் இரவு, ‘தானெட்’ என்னும் மற்றொரு பழைய நாசகாரியுடன் ஜோகூரின் எண்டாவ் கடற்கரைக்குச் சென்று, அங்கே இறங்கிக்கொண்டிருந்த ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கியது. அது ஏவிய டார்ப்பிடோக்கள் இலக்கை அடையவில்லை. வலிமை மிக்க பகைக் கப்பல்கள் சூழ்ந்துகொள்ள, ‘தானெட்’ மூழ்கியது; ‘வேம்பயர்’ தப்பியது.

சிங்கப்பூர் வீழ்ந்தபின் இலங்கையின் திருகோணமலை பிரிட்டிஷ் கடற்படைக்கு முக்கியத் தளமாயிற்று. ஜப்பானிய விமானங்கள் தாக்கவிருக்கும் செய்தி அறிந்து, 1942 ஏப்ரல் 8ஆம் நாள் இரவு ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் அதற்குக் காவலாக ‘வேம்பயர்’ கப்பலும் துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றன. மறுநாள் காலை திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானியர், மட்டக்களப்புக்கு அப்பால் இவ்விரு கப்பல்களையும் கண்டுபிடித்தனர். விமானந்தாங்கி என்னும் பெயர் கொண்ட ‘ஹெர்மிஸ்’ கப்பலில் அன்று ஒரு விமானமும் இல்லை. அது சில நிமிடங்களில் மூழ்கியது. சற்று நேரத்தில் ‘வேம்பயர்’ கப்பலும் அதனைத் தொடர்ந்தது. ‘ஹெர்மிஸ்’ கப்பலில் 307 பேர் மாண்டனர். ‘வேம்பயர்’ இழந்தவர் அதன் தலைவர் உட்பட ஒன்பதின்மர். அருகிருந்த ‘வீட்டா’ என்னும் மருத்துவமனைக் கப்பல் உயிர் தப்பியோரை மீட்டது.

இரண்டாம் ‘வேம்பயர்’

மூழ்கிய கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்குச் சூட்டுவது கடற்படைகளின் மரபு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் தமிழர் வழக்கத்தை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. சிட்னித் துறைமுகத்திலுள்ள காக்கட்டூ தீவின் கப்பல் கட்டும் தளத்தில் 1952 ஜூலை முதல் நாள் இரண்டாம் ‘வேம்பயர்’ கப்பலின் அடிமரம் இடப்பட்டது. 1956 அக்டோபர் 27ஆம் நாள் அது கடலில் இறக்கப்பட்டது. அச்சடங்கை நடத்தியவர் ஆஸ்திரேலியத் தலைமை ஆளுநரின் துணைவியாரான ஸ்லிம் சீமாட்டியார். அவருடைய கணவரான தளபதி ஸ்லிம், பர்மாவில் 14ஆம் சேனைக்குத் தலைமை தாங்கி ஜப்பானியரைத் தோற்கடித்தவர் ஆவார். 1959 ஜூன் 23ஆம் நாள் கப்பல் கடற்படையில் சேர்க்கப்பட்டது.

‘டேரிங்’ என்னும் வகையைச் சார்ந்த இக்கப்பலின் நீளம் 118 மீட்டருக்குச் சற்று மேல். அகலம் 13 மீட்டர். உடலை இணைக்கத் தறையாணிகளுக்கு மாறாகப் பற்றவைப்பு முறை கையாளப்பட்டது. எடையைக் குறைக்க மேற்பகுதியில் அலுமினியம் சேர்க்கப்பட்டது. இரு கொதிகலன்களில் எழும் நீராவி டர்பைன்களைச் சுழற்றி 54,000 குதிரைத்திறனைத் தந்தது. மணிக்கு 30 கடல் மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அது செல்ல வல்லது. ஏறத்தாழ 320 பேர் அதில் பணிபுரிந்தனர். இரட்டை இரட்டையாக மூன்று கோபுரங்களில் அமைந்த ஆறு பீரங்கிகள் அதன் தலையாய ஆயுதங்கள். ஒவ்வொன்றும் 25 கிலோ எடையுள்ள குண்டை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவுக்கு எறியக் கூடியது. பெயர் தந்த பழைய கப்பல் வானத்திலிருந்து வந்த அடியால் மாண்டது. அப்படிப்பினையை உணர்ந்தே இப்பீரங்கிகள் வான்நோக்கியும் சுடுமாறு, ராடார் வழிகாட்டலுடன் அமைக்கப்பட்டன.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் 1955இல் அமைத்த தூரக்கிழக்குச் சேமப்படையில் ‘வேம்பயர்’ பலமுறை இடம்பெற்றுச் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு இயங்கியது. 1963இல் மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா தொடுத்த மோதல் 1966 ஆகஸ்டு வரை நீடித்தது. 1964இல் பொந்தியான் கடற்கரையிலும் லாபீஸ் பகுதியிலும் ஆயுதந்தாங்கியோர் இறங்கியதை மூத்தோர் நினைவில் வைத்திருப்பர். அக்காலத்தில் நேச நாட்டுக் கப்பல்கள் நீரிணைகளையும் போர்னியோக் கரையையும் காவல் புரிந்தன. அப்பணிக்காக ‘வேம்பயர்’ கப்பலுக்கு ‘மலேசியா 1964–66’ என்னும் போர்ச்சிறப்பு பின்னர் வழங்கப்பட்டது. வியட்நாம் போரின்போது ‘சிட்னி’ என்னும் படைவீரர் கப்பலுக்கும் அது காவலாகச் சென்றது.

ஆஸ்திரேலியா கட்டிய இவ்வகை நாசகாரிகள் மூன்று. அவற்றின் முடிவு மூவகையாக அமைந்தது. ‘வாயேஜர்’ 1964 பிப்ரவரி 10ஆம் நாள் இரவுப் பயிற்சியின்போது தன் நாட்டு விமானந்தாங்கியான ‘மெல்பர்ன்’ கப்பலின் குறுக்கே சென்று மோதுண்டு இரண்டாகப் பிளந்தது. 82 பேர் மாண்டனர். ‘வெண்டெட்டா’ பணி முடித்து 1987இல் உடைப்பதற்காக விற்கப்பட்டது. ‘வேம்பயர்’ ஒன்றே காக்கப்பட்டது.

ஏவுகணைகள் வந்தபின் பீரங்கியையே முதன்மையாக நம்பிய நாசகாரிகளின் காலம் மங்கியது. 1970, 1971ஆம் ஆண்டுகளில் வில்லியம்ஸ்டவுன் தளத்தில் ‘வேம்பயர்’ புதுப்பிக்கப்பட்டது. டார்ப்பிடோக் குழாய்கள் அகற்றப்பட்டன. 1977இல் எலிசபெத் அரசியாரின் ‘பிரிட்டானியா’ கப்பலுக்குத் துணை சென்றது. 1980 முதல் இளம் மாலுமிகளுக்குப் பயிற்சிக் கப்பலாயிற்று. போர்க்கப்பலாகத் தொடங்கிய வாழ்வின் இறுதிப் பகுதி பள்ளிக்கூடமாக அமைந்தது. 1986 ஆகஸ்டு 13ஆம் நாள் அது ஓய்வு பெற்றது.

காப்பது எவ்வாறு?

ஓய்வு பெற்ற கப்பல், சிட்னியின் டார்லிங் துறைமுகத்தில் 1991இல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே அது நீரில் மிதந்தபடியே நிற்கின்றது. மாலுமிகளின் அடுக்குப் படுக்கைகள், சமையற்கட்டு, பீரங்கிக் கோபுரம் ஆகியவற்றைப் பார்வையாளர் உள்ளே சென்று காணலாம்.

கல்லில் கட்டிய நினைவுச் சின்னத்தைப் போல் கப்பலை விட்டுவைக்க முடியாது. உப்பு நீரும் காற்றும் இரும்பும் கூடும் இடத்தில் துரு ஓயாது வேலை செய்யும். நீர்மட்டக் கோட்டில், ஒரு நாழிகை நனைந்தும் மறு நாழிகை உலர்ந்தும் இருக்கும் தகடு விரைவில் அரிக்கப்படும். இரும்பும் அலுமினியமும் இணையும் இடங்களில், கடல்நீர் பட்டதும் இரு உலோகங்களுக்கிடையே மின்னோட்டம் எழுந்து அலுமினியம் கரையும். அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொள்ளும். மேல்தளத்தில் விழும் மழைநீர் சிறு வெடிப்பின் வழியே இறங்கி, கண்காணா மூலையில் தேங்கும்.

இவற்றைத் தடுக்கும் வழிகள் எளியவை, ஆனால் ஓய்வில்லாதவை. வெளியுடலில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவர். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் கரையக் கூடியது. தான் கரைந்து இரும்பைக் காக்கும். அது தேய்ந்ததும் புதியது பொருத்த வேண்டும். துருவைச் சுரண்டி, அடிவண்ணம் பூசி, மேல்வண்ணம் பூச வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனையை எட்டுவதற்குள் தொடங்கிய இடம் மீண்டும் துருப்பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலை உலர்துறைக்கு இழுத்துச் சென்று, நீரை வெளியேற்றி, அடித்தகட்டின் கனத்தை அளந்து, மெலிந்த இடங்களைச் செப்பனிட வேண்டும். ‘வேம்பயர்’ கப்பலில் இவ்வேலைகளை அருங்காட்சியக ஊழியரோடு சேர்ந்து தொண்டர்களும் செய்து வருகின்றனர்.

இவ்வுழைப்பு தளர்ந்தால் நேர்வது என்ன என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் அருங்காட்சிக் கப்பலாக மிதந்த ‘தி சல்லிவன்ஸ்’ என்னும் நாசகாரி 2022 ஏப்ரலில் அடித்தகட்டில் ஓட்டை விழுந்து சாய்ந்து, பாதி மூழ்கியது. பின்னர் நீரை இறைத்து நிமிர்த்தினர். இந்தியாவின் முதல் விமானந்தாங்கியான ‘விக்ராந்த்’ 1961 முதல் 1997 வரை பணிபுரிந்து, 1971ஆம் ஆண்டுப் போரில் வங்கக் கடலில் பெயர் பெற்றது. 2001 முதல் மும்பையில் அருங்காட்சியகமாக விளங்கியது. உடல் நலிந்து ஆபத்தான நிலையை அடைந்ததால் 2012இல் மூடப்பட்டு, 2014இல் ஏலத்தில் விற்று உடைக்கப்பட்டது. அதன் இரும்பின் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள்கள் செய்யப் பயன்பட்டது.

நீரை விட்டு வெளியேற்றுவது மற்றொரு வழி. இரண்டாம் உலகப் போர்க்கால நாசகாரியான ‘கவலியர்’ இங்கிலாந்தின் சாத்தம் நகரில் உலர்துறைக்குள் நிறுத்தப்பட்டது. இந்தியாவின் ‘குர்சுரா’ நீர்மூழ்கி 2002இல் விசாகப்பட்டினக் கடற்கரை மணலில் ஏற்றிவைக்கப்பட்டது. மலேசிய மாலுமிகளுக்குப் பயிற்சியளித்த பிரெஞ்சு நீர்மூழ்கி ‘உவெசான்’ மலாக்காவின் கிளேபாங்கில் கரையேற்றப்பட்டது. கரையேறிய கப்பல் மூழ்காது. எனினும் மழையும் கடற்காற்றும் அதனை விடுவதில்லை. வழி எதுவாயினும், காத்தல் என்பது ஒருநாள் விழாவில் முடிந்துவிடும் செயலன்று. திறப்பு விழாவுக்குப் பணம் எளிதில் சேரும். பத்தாம் ஆண்டு வண்ணப்பூச்சுக்கு அத்துணை எளிதில் சேராது.

நினைவின் அளவு

பேணப்படும் போர்க்கப்பல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. அதன் தளத்தில் நடப்பவர் மாலுமியின் வாழ்வை அறியலாம். தளபதியின் பெயரைப் படிக்கலாம். கடற்படை தோற்றபின் கரையில் வாழ்ந்தோர்க்கு நேர்ந்ததை அக்கப்பல் தானாக உரைக்காது. மட்டக்களப்புக் கடலில் மாண்ட ஒன்பதின்மரின் பெயர்கள் பதிவாகியுள்ளன. அவர்களை இழந்த நாடு அப்பெயர்களையும் கப்பலின் பெயரையும் மறக்கவில்லை. சயாம் பாதையில் மாண்ட தோட்டத் தமிழருள் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. ஒரு சாராரின் நினைவு காக்கப்பட்டதைக் குறை கூறுவதில் பொருளில்லை. மற்றொரு சாராரின் நினைவைக் காக்க வேண்டியவர் யார் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

கெடாவில் பல ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வேறு பயிருக்கு மாறியும் போயின. லயங்கள் இடிக்கப்பட்டன, பள்ளிகள் சில இடம் மாறின. பழைய சேர்க்கைப் பதிவேடு, பிரட்டுக் களத்தில் அடித்த மணி, பால் நிறுத்த தராசு, சயாம் சென்று மீண்டவர் வைத்திருந்த ஒரு தாள் ஆகியவை பழைய இரும்புக்கும் கரையானுக்கும் போய்ச் சேர்கின்றன. 118 மீட்டர் நீளமுள்ள கப்பலைக் காக்க உலர்துறை வேண்டும். பதிவேட்டைக் காக்க ஈரமில்லாத அலமாரியும், ஆண்டுக்கு இருமுறை அதனைத் திறந்து பார்க்கும் ஒருவரும் போதும். முதியோர் சொல்வதை மாணவரைக் கொண்டு எழுதி வைப்பதற்கு ஒரு குறிப்பேடு போதும். அம்முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருவதால், இவ்வேலைக்குத் தவணை இல்லை.

சிட்னியில் தொண்டர்கள் சுரண்டும் துரு அடுத்த ஆண்டும் வரும். அதனை அறிந்தே அவர்கள் தூரிகையை எடுக்கின்றனர். தோட்டத்துப் பதிவேட்டைத் தேடும் கரையானும் அடுத்த மழைக்காலத்தில் வரும். அதற்குள் அந்த அலமாரியைத் திறந்து பார்ப்பவர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருத்தல் வேண்டும்.